பெர்மிட் இல்லாத வாசம்

பாளையம்பட்டியில் மண்ணெண்ணெய்க் கடை வைத்திருந்த காசிராஜன் நாற்பது வயது தாண்டியும் ஒரு சொட்டு மதுவைத் தொட்டதில்லை. இதற்காக அவரை யாரும் பாராட்ட வேண்டியதில்லை. அவருக்கு வயிற்றில் புண். மோர் கொஞ்சம் புளித்துவிட்டாலே அன்று பூராவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மதுவிலக்குச் சட்டம் இந்த ராஜ்யத்தில் எங்காவது முழு வெற்றி பெற்றிருந்தது என்றால், அது காசிராஜனின் குடலில்தான்.

அவருக்கு இருந்த ஒரே பழக்கம் பொறாமை. அதையும் கண்டவர்மேல் வீணாக்குவதில்லை. ஒரே ஆளுக்கென்று எடுத்து வைத்து, நேரம் தவறாமல் செலுத்திவந்தார். அந்த ஆள் அவருடைய சகலை சங்கரபாண்டியன். திருச்சுழி பொன்னுச்சாமியின் மூத்த மகள் சரஸ்வதியைக் காசிராஜன் கட்டியிருந்தார். இளையவள் கஸ்தூரியைக் கட்டியவர் சங்கரபாண்டியன். அருப்புக்கோட்டைப் பருத்தி ஜின்னிங் பேக்டரியில் பங்கு, பாலவனத்தம் பக்கம் கரிசல் நிலம், வாசலில் ஒரு ஜீப் என்று இளைய சகலை வளர்ந்துகொண்டே போனார். மூத்த சகலை மண்ணெண்ணெய் அளந்துகொண்டிருந்தார்.

இதையெல்லாம்கூடக் காசிராஜன் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது சங்கரபாண்டியனுக்குப் பெர்மிட் வந்த பிறகுதான்.

அது அறுபத்தெட்டாம் வருஷம். குடித்தால் கேஸ். ஆனால் குடிக்காவிட்டால் இவர் உடம்பு கெட்டுப்போகும் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால், சர்க்கார் பெர்மிட் தரும். பெர்மிட் உள்ளவர் பிராந்தியை மருந்தாக, சட்டப்படி, மாதாமாதம் வாங்கிச் சாப்பிடலாம். இந்த நோய் குடிசைகளில் வருவதில்லை என்று வைத்தியத் துறை கண்டுபிடித்திருந்தது. சங்கரபாண்டியன் பெர்மிட்டைப் போட்டோ எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் மாட்டினார். அசலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

காசிராஜனின் வயிற்றுப் புண் நிஜமானது. ஆனால் அதைப் பற்றி எந்தச் சர்க்காரும் கையெழுத்துப் போடவில்லை. சகலைக்கு வந்தால் நோய்கூட முத்திரை குத்தி வருகிறது என்பதை நினைக்க நினைக்க அவருக்குப் புண் ஆழமாயிற்று.

அதற்கு மேலும் ஒன்று நடந்தது. பொன்னுச்சாமி வீட்டு விருந்தில் முதல் இலை மூத்த மாப்பிள்ளைக்குத்தான். அவர் இலையில் உப்பு விழுந்த பிறகே பரிமாறுகிறவர்கள் அடுத்த இலைக்கு நகரவேண்டும். காசிராஜன் இந்த உலகத்தில் சகலைக்கு முன்னால் உட்கார்ந்த ஒரே இடம் அதுதான். பெர்மிட் வந்த வருஷத்துத் தீபாவளிக்கு மாமனார் காசிராஜனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"பெரிய மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்கிறாதீக. சின்னவுக ஒடம்புக்கு முடியாதவுக. சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கு. காலாகாலத்துல சாப்பிடணும்ல."

"எனக்கும் வயித்துப் புண்ணு இருக்கே மாமா."

"அது நீங்க சொல்றது," என்றார் பொன்னுச்சாமி. அவர் பேச்சில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

காசிராஜன் அந்த ஆத்திரத்தில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினார். லைசென்ஸும் எடுத்தார். ஜீப்புக்கு அது பதிலாகாதுதான். ஆனால் சத்தத்தில் குறைவில்லை. வேகம் மட்டும் கொஞ்சம் மட்டு. பின்னால் வரும் மாட்டுவண்டிக்காரர்கள் "அண்ணாச்சி, ஓரமாப் போங்க" என்று சொல்லிவிட்டு முந்திக்கொண்டு போவார்கள்.

மறு கோடையில் பொன்னுச்சாமி தம் தோட்டத்துக் கிணற்றில் கரண்டு மோட்டார் வைத்தார். மோட்டார் தண்ணீர் இறைத்த முதல் நாள் விருந்து போட்டார். முதல் இலையில் சங்கரபாண்டியன் சாப்பிட்டார். காசிராஜன் இரண்டாம் இலையில் அமர்ந்து, முதல் இலையில் விழும் அப்பளத்தின் அளவைக் கவனித்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் பெண்கள் பஸ்ஸில் கிளம்பினார்கள். சங்கரபாண்டியனின் ஜீப் ரிப்பேருக்காக மதுரை போயிருந்தது. "பெரிய மாப்பிள்ளை, சின்னவுகள உங்க வண்டியில பின்னால ஏத்திட்டுப் போயிருங்க," என்றார் மாமனார்.

காசிராஜனுக்கு வயிறு குளிர்ந்தது. ஜீப்காரன் தன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து வரப்போகிறான். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை வரைக்கும் வழியில் நிற்கிற ஒவ்வொரு ஆளும் அதைப் பார்க்க வேண்டும் என்று அவர் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார்.

பின்னால் பாட்டில் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"மருந்து நேரம் அண்ணாச்சி," என்றார் சங்கரபாண்டியன்.

இரண்டு மைலுக்கு ஒரு தடவை மருந்து நேரம் வந்தது. ரோடு பிரிகிற ஒத்தப்பனை விலக்கை நெருங்கும்போது நோயாளி காசிராஜனின் தோளில் தலையைச் சாய்த்துப் பாட ஆரம்பித்திருந்தார். அப்போது ஒரு ஆட்டுக் கிடை ரோட்டைக் கடந்தது. காசிராஜன் பிரேக் போட்டார். ஸ்கூட்டர் நின்றது. சங்கரபாண்டியன் நிற்கவில்லை. அவர் காசிராஜன்மேல் விழ, காசிராஜன் ஸ்கூட்டரோடு சாய, மூவரும் ஓரத்து உடைமுள்ளில் போய்க் கிடந்தார்கள். பாட்டில் காசிராஜன் நெஞ்சில் உடைந்து சட்டையெல்லாம் நனைத்துவிட்டது.

விலக்கில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருந்தது. அதன் வாசலில் நாற்காலி போட்டிருந்த ஏட்டு உக்கிரபாண்டி எழுந்து வந்தார். ஆறு மாதமாக அவர் ஒரு வாகனக் கேஸும் பிடிக்கவில்லை. அந்த ரோட்டில் வாகனம் வந்தால்தானே.

"வண்டி ஓட்டுனது யாருய்யா?"

"நான்தான் ஏட்டையா," என்றார் காசிராஜன், முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

உக்கிரபாண்டி மூக்கை இரண்டு பக்கமும் திருப்பினார். சங்கரபாண்டியன் படுத்தபடியே பெர்மிட்டை நீட்டினார். ஏட்டு அதை வாங்கி, முத்திரையைப் பார்த்ததும் தொப்பியைச் சரி செய்துகொண்டார். "அய்யாவுக்கு அடி ஒண்ணும் படலியே? முடியாதவுக வெயில்ல கிடக்கலாமா?" என்று கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார். சங்கரபாண்டியன் நிற்க முயன்று, ஏட்டையே கட்டிக்கொண்டார். "பலவீனம்," என்று ஏட்டு தாமே விளக்கம் சொல்லிக்கொண்டார்.

பிறகு காசிராஜன் பக்கம் திரும்பினார். "அவுக வாசத்துக்குப் பெர்மிட்டு இருக்கு. உன் நாத்தத்துக்கு எங்க?"

"பாட்டிலு ஒடஞ்சு எம்மேல கொட்டிருச்சு ஏட்டையா. நான் குடிக்கல."

"வெளிய கொட்டுனது தெரியுது. உள்ள எப்படிப் போச்சுன்னு கேக்குறேன்."

"உள்ள போகவே இல்ல. வேணும்னா மோந்து பாருங்க. எம்மேல எப்பவும் மண்ணெண்ணெய் வாசம்தான்."

ஏட்டு குனிந்து மோந்தார். முகம் மாறியது. "அதையும் குடிக்கிறியா?"

காசிராஜன் சகலையைப் பார்த்தார். "தம்பி, நீங்க சொல்லுங்க. பாட்டிலு உங்களுதுதானே?"

"சட்டம்னா சட்டம்தான் அண்ணாச்சி," என்றார் சங்கரபாண்டியன். அப்போது வந்த அருப்புக்கோட்டை பஸ்ஸை ஏட்டே கையை நீட்டி நிறுத்தினார். நோயாளியை முன் சீட்டில் ஏற்றி உட்காரவைத்தார்.

ஸ்டேஷனில் காசிராஜனை உட்காரவைத்துக் கொஞ்ச நேரத்தில் மதுவிலக்குப் பிரிவு எஸ்.ஐ. இருளப்பசாமி சைக்கிளில் மூச்சு வாங்க வந்து இறங்கினார். பிராந்தி உடைந்த செய்தி காற்றுவாக்கில் போயிருக்க வேண்டும். அவருக்கும் உக்கிரபாண்டிக்கும் பல வருஷத்துப் பேச்சுவார்த்தை இல்லாத உறவு. ஏதோ ஒரு குடியரசு தினத்தில் ஒருவருக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் மற்றவருக்குக் கிடைக்கவில்லை.

"குடிச்சிருக்கான். அதனால கேஸ் எங்களுது," என்றார் இருளப்பசாமி.

"குடிச்சா ஒங்களுது. குடிச்சிட்டு ஓட்டுனா எங்களுது," என்றார் உக்கிரபாண்டி.

"குடிக்காம எப்படிய்யா குடிச்சிட்டு ஓட்ட முடியும்? மொதல்ல குடிச்சான். மொதல்ல நாங்க."

"நீங்க மொதல்ல வந்திருக்கணும். ஒங்க சைக்கிளுக்குக் காத்து இல்லைன்னா சட்டம் காத்திருக்குமா?"

"நான் குடிக்கவே இல்லைங்க," என்றார் காசிராஜன்.

இரண்டு அதிகாரிகளும் முதல் தடவையாக ஒருமித்து அவரை முறைத்தார்கள். குடிக்கவில்லை என்றால் கேஸ் இருவருக்குமே கிடையாது.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. சட்டம் பெரியது, பங்கு போட்டாலும் குறையாது என்று இருளப்பசாமி பெருந்தன்மையாகச் சொன்னார். அதன்படி இடுப்புக்கு மேலே மதுவிலக்கு, இடுப்புக்குக் கீழே மோட்டார் வாகனம். குடிப்பது வாய். பிரேக் மிதிப்பது கால். பிராந்தி நனைந்த சட்டையை இருளப்பசாமி சாட்சிப் பொருளாகக் கைப்பற்றினார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க உக்கிரபாண்டியால் முடியவில்லை. அவர் வேட்டியைக் கைப்பற்றினார். காசிராஜன் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். துண்டுக்கு எந்தப் பிரிவும் உரிமை கோரவில்லை.

அப்படியே போதைப் பரிசோதனைக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியில் காசிராஜன் ஏட்டிடம் மெல்லக் கேட்டார். "டெஸ்டு வேண்டாம்னு நான் சொல்லலாமா ஏட்டையா?"

"தாராளமாச் சொல்லலாம். தடுமாறிச் சொன்னா போதைன்னு எழுதுவோம். தெளிவாச் சொன்னா திமிருன்னு எழுதுவோம்."

டாக்டர் தம் அறையில் இரண்டு தரப்பையும் வரவேற்றார். சுண்ணாம்பால் தரையில் ஒரு கோடு போட்டு அதன்மேல் நடக்கச் சொன்னார். காசிராஜனுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. நொண்டினார். "கீழ்ப்பாகத்தில் தடுமாற்றம்," என்று டாக்டர் எழுத, உக்கிரபாண்டி மீசையைத் தடவினார். மனக்கணக்கு ஒன்று போடச் சொன்னார். வியாபாரி ஆனதால் காசிராஜன் டாக்டரைவிட முன்னால் விடை சொன்னார். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை.

"டாக்டரய்யா, என் வாயை மோந்து பாத்தாலே தெரிஞ்சிரும்," என்றார் காசிராஜன்.

டாக்டர் பேனாவை மூடினார். "நான் எம்.பி.பி.எஸ். படிச்சவன். வாயை மோந்து பாக்குறதுக்கு இவ்வளவு படிப்பு எதுக்கு? போலீஸ் கூட்டிட்டு வந்தாலே பாதி வியாதி நிச்சயம். மீதியைத்தான் நான் பரிசோதிக்கிறேன். குடிச்சிருக்காருன்னு எழுதலைன்னா இருளப்பசாமி வருத்தப்படுவார். போதைன்னு எழுதலைன்னா ஏட்டு வருத்தப்படுவார். வைத்தியன் யாரையும் வேதனைப்படுத்தக் கூடாது."

பத்திரத்தில் அவர் இப்படி எழுதினார்: குடித்திருக்கிறார். நிதானமாக இருக்கிறார். நிதானம் சந்தேகத்துக்கு இடமானது.

ஜாமீனுக்குச் சொத்துள்ள ஆள் வேண்டும் என்றார்கள். காசிராஜனின் சொந்தத்தில் அப்படி ஒரே ஆள்தான் இருந்தார். மறுநாள் காலை சங்கரபாண்டியன், பெர்மிட் அனுமதித்த காலை மருந்தைச் சாப்பிட்டுவிட்டு வந்து, கையெழுத்தை இரண்டு தடவை கட்டத்துக்கு வெளியே போட்டு, மூன்றாம் தடவை உள்ளே போட்டார். ஒழுக்கமான நபர் இவருக்காகப் பொறுப்பேற்கிறார் என்று அதில் அச்சடித்திருந்தது. ஸ்கூட்டரைக் கேட்டதற்கு அது சாட்சிப் பொருள், தர முடியாது என்றார் உக்கிரபாண்டி. சாட்சிப் பொருள் துருப்பிடிக்காமல் இருக்க அதைத் தினமும் ஓட்ட வேண்டியிருந்தது. ஏட்டின் மனைவி அதில் பின்னால் உட்கார்ந்து சந்தைக்குப் போய்வந்தார்.

அடுத்த அடி தாலுகா ஆபீஸிலிருந்து வந்தது. மதுவிலக்குக் கேஸில் தண்டனை பெற்றவருக்கு மண்ணெண்ணெய் லைசென்ஸ் கிடையாது. கேஸ் முடியும்வரை கடை மூடியிருக்க வேண்டும். தண்டனை கிடைத்தால் லைசென்ஸை வேறொருவருக்கு மாற்றிவிடுவார்கள். அதற்குள்ளேயே ஒருவர் மனுப்போட்டிருந்தார். மனுவில் இருந்த பெயர் கஸ்தூரி, கணவர் பெயர் சங்கரபாண்டியன்.

"பாத்தீகளா," என்றாள் சரஸ்வதி. "ஜாமீன் போட்ட கையோட மனுவும் போட்டிருக்காக. எந் தங்கச்சி மண்ணெண்ணெய் விக்க, நான் போயி அவ கடையில வாங்கணும். அப்படி ஒரு நாளு வந்துச்சுன்னா நான் அடுப்பே பத்த வைக்க மாட்டேன்."

ஆனால் ஊர் வேறு விதமாக நடந்துகொண்டது. மூடிய கடை வாசலில் கூட்டம் கூடியது. மண்ணெண்ணெய் வாங்க வந்த காலத்தில் காசிராஜனை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது பலசரக்குக்கடை கருத்தப்பாண்டி முக்காலி எடுத்துவந்து போட்டார்.

"இம்புட்டு வருஷம் ஒருத்தருக்கும் தெரியாமக் குடிச்சிருக்கீகளே அண்ணாச்சி. எந்த நேரத்துல குடிப்பீக?"

"நான் குடிக்கலப்பா."

"இந்தா, இதத்தான் சொல்லுறேன். இந்த நிதானம் யாருக்கு வரும்?"

முதல் வாரம் காசிராஜன் மறுத்தார். இரண்டாம் வாரம் மறுப்பதற்கு முன்னால் கொஞ்சம் சிரித்தார். மூன்றாம் வாரம் சிரிப்போடு நிறுத்திக்கொண்டார். காரியாபட்டியிலிருந்துகூட ஆட்கள் வந்து, டாக்டர் எழுதியதை அவர் மனப்பாடமாகச் சொல்லக் கேட்டுவிட்டுப் போனார்கள். மாமனார் பொன்னுச்சாமி பஸ்ஸில் வந்து இறங்கி, மூத்த மருமகனை மேலும் கீழும் பார்த்தார்.

"பெர்மிட்டு இருந்தா எவனும் குடிக்கலாம் மாப்பிள்ளை. அது ரேசன் அரிசி மாதிரி. சர்க்காருக்கே தெரியாமக் குடிச்சு, வண்டியையும் ஓட்டி, நிதானம்னு டாக்டர்கிட்டயே எழுதி வாங்குனவுக இந்தத் தாலுகாவுல யாரு இருக்கா? கெணத்தடிப் பொங்கலுக்கு வந்திருங்க. மொத எலை உங்களுக்குத்தான்."

இந்தச் செய்தி அன்று மாலையே ஜின்னிங் பேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தது. சங்கரபாண்டியனுக்கு அன்றைக்கு மருந்து பிடிக்கவில்லை. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காப்பி குடிக்கக் கிளப்புக் கடைக்குப் போனால், "ஒங்க சகலைக்குக் கேஸ் எப்ப?" என்கிறார்கள். பஸ்ஸில் ஏறினால், "இவுகதான் அவுகளுக்கு ஜாமீன்," என்று கைகாட்டுகிறார்கள். பெர்மிட் வருவதற்கு முன்னும் பின்னுமாக ஒன்பது வருஷம் குடித்தது அவர். ஈரல் அவருடையது. பாட்டில் அவருடையது. அன்றைக்கு ரோட்டில் விழுந்ததற்குக் காரணமே அவர்தான். பெயர் மட்டும் சொட்டுக் குடிக்காதவனுக்கு. இந்த உலகத்தில் நியாயம் இல்லை என்று அவர் கஸ்தூரியிடம் சொல்லிக் கண்ணீர் விட்டார்.

கோர்ட்டு நாள் வந்தது. காசிராஜனின் வக்கீல் காளிராஜ் வராந்தாவில் நிறுத்திச் சொன்னார்.

"கேஸ் நிக்காது. குடிச்சிருக்காரு, நிதானமா இருக்காரு, நிதானம் சந்தேகம்னு எழுதியிருக்கான். இதை வச்சிக்கிட்டு எந்தக் கோர்ட்டும் தண்டிக்காது. நீங்க வாயத் தொறக்காம நின்னா நாளைக்குக் காலையில கடையத் தொறந்திரலாம்."

"நான் குடிக்கலைன்னு சொல்லட்டுங்களா?"

காளிராஜ் பதறினார். "நீங்க குடிச்சீகளா இல்லையாங்கிறது கேஸுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். உண்மையக் கிண்மையச் சொல்லி நடுவுல குழப்பம் பண்ணிராதீக."

கோர்ட்டுக்குள் கூட்டம் நிறைந்திருந்தது. பொன்னுச்சாமி முன் பெஞ்சில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் சரஸ்வதியும் கஸ்தூரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சப் மாஜிஸ்திரேட் வந்து அமர்ந்தார். மேசையில் சட்டையும் வேட்டியும் தனித்தனி மூட்டைகளாக இருந்தன. உக்கிரபாண்டி மூட்டை பெரியது என்பதை இருளப்பசாமி கவனித்தார். அவர் தம் மூட்டையை அவிழ்த்துப் பரப்பி வைத்தார்.

முதலில் சாட்சி சொல்லவந்த இருளப்பசாமியிடம், எதிரியான காசிராஜன் குடித்ததை நேரில் பார்த்தீரா என்று காளிராஜ் கேட்டார்.

"நேரில் பார்த்துவிட்டுத்தான் கேஸ் போட வேண்டும் என்றால் எங்கள் பிரிவு ஒரு கேஸும் போட முடியாது," என்றார் இருளப்பசாமி, கோர்ட்டுக்கென்று வைத்திருந்த தமிழில். "இந்த ராஜ்யத்தில் மது கிடையாது. இல்லாத பொருளைக் குடித்தவனைப் பிடிக்கிறோம். எவ்வளவு சிரமம் என்று கனம் கோர்ட்டார் நினைத்துப் பார்க்க வேண்டும்."

உக்கிரபாண்டி தம் முறைக்கு, எதிரியின் கால் தள்ளாடியதைத் தாமே நடந்து காட்டினார். மேசையில் இடித்துக்கொண்டார். டாக்டரின் பத்திரம் வாசிக்கப்பட்டது. மாஜிஸ்திரேட் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காளிராஜ் காசிராஜனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கடை திறந்துவிட்டது மாதிரிதான்.

அந்த நேரத்தில் பின் பெஞ்சிலிருந்து சங்கரபாண்டியன் எழுந்தார்.

"அய்யா, நான் ஒரு உண்மை சொல்லணும்."

கோர்ட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சொல்லை அங்கே அடிக்கடி கேட்டாலும், தானாக எழுந்து ஒருவர் சொன்னது கிடையாது. அவரைக் கூண்டில் ஏற்றினார்கள். கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மண்ணெண்ணெய் மனு அவள் பேரில் இருந்தது.

"அன்னைக்கு இவரு குடிக்கல. குடிச்சது நானு. பாட்டிலு என்னுது. பெர்மிட்டு என்னுது. இவரு சட்டையில இருக்குற வாசமும் என்னுதுதான். இவருக்கு மோரே ஒத்துக்காது அய்யா. இவரு பேருல இந்தக் கேஸு நடக்குறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல."

தம்முடைய ஒன்பது வருஷ உழைப்பு அவர் குரலில் தழுதழுத்தது. சகலையைக் காப்பாற்றத் துடிக்கிற அன்பு என்று நினைத்துப் பெஞ்சில் இரண்டொருவர் கண்ணைத் துடைத்தார்கள். காசிராஜனுக்கு மட்டும் அந்தக் குரல் என்னவென்று தெரிந்தது. பத்து வருஷமாக அது அவர் வயிற்றுக்குள் கேட்ட குரல்தான்.

இருளப்பசாமி எழுந்து ஆட்சேபித்தார். "கனம் கோர்ட்டாரே, பெர்மிட்டுதாரர் குடிப்பது மருந்து. மருந்தில் போதை ஏறினால் அது சர்க்கார் செய்த தவறாகும். சர்க்கார் தவறு செய்யாது. ஆகையால் இவருக்கு அன்றைக்குப் போதை இல்லை. போதை இவரிடம் இல்லை என்றால் மற்றவரிடம்தான் இருந்திருக்க வேண்டும். அங்கே இருந்தது இரண்டே பேர்."

உக்கிரபாண்டி வாழ்க்கையில் முதல் தடவையாக இருளப்பசாமியைப் பார்த்துத் தலையசைத்தார்.

மாஜிஸ்திரேட் காசிராஜன் பக்கம் திரும்பினார். "இவர் சொல்வது சரிதானா? நீர் குடிக்கவில்லையா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். அது உண்மையும்கூட. காளிராஜ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக் காட்டினார். சரஸ்வதி முன்னால் குனிந்து புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைச் சாவி அவள் மடியில் இருந்தது.

காசிராஜன் மாமனாரைப் பார்த்தார். பொன்னுச்சாமி சின்ன மருமகனை ஒரு புது மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார். முதல் இலை கோர்ட்டுக்கு நடுவில் மெல்ல நகர்ந்து போவதைக் காசிராஜன் கண்ணால் கண்டார். ஜீப் அவனுக்கு. பேக்டரி அவனுக்கு. வியாதி அவனுக்கு. தமக்கென்று இந்த உலகத்தில் தனியாக வந்து சேர்ந்தது ஒரே ஒரு கேஸ். அதையும் கேட்கிறான்.

"அவரு சொல்றது பொய்யிங்க," என்றார் காசிராஜன். "குடிச்சது நான்தான். அவருக்கு அம்புட்டுத் தாங்காது."

காளிராஜ் தலைப்பாகையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு பேரு குடிக்கலைன்னு சாதிப்பாங்க, பார்த்திருக்கேன்," என்றார் மாஜிஸ்திரேட். "நான்தான் குடிச்சேன்னு ரெண்டு பேரு சண்டை போடுறத இப்பத்தான் பாக்குறேன். மதுவிலக்கு ஜனங்க மனசுல எவ்வளவு ஆழமா இறங்கியிருக்குன்னு இதுலேருந்து தெரியுது." பிறகு தீர்ப்பை எழுத்துத் தமிழில் சொன்னார். "உண்மையைக் கண்டறிவது இந்தக் கோர்ட்டின் கடமை. அதை எதிரியே ஒப்புக்கொண்டதால் கண்டறியும் சிரமம் நீங்கியது. குற்றம் ரூபிக்கப்பட்டது. அபராதமும், கோர்ட்டு கலையும்வரை காவலும்."

கோர்ட்டு கலையும்வரை காவல் என்றால், சாயந்தரம் மாஜிஸ்திரேட் எழுந்து போகும்வரை ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சிறை. காசிராஜன் போய் உட்கார்ந்தார். ஆட்கள் வரிசையாக வந்து அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் சங்கரபாண்டியன் வந்து அதே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கோர்ட்டுச் சேவகன் டவாலி ஓடிவந்தான்.

"எந்திரிங்க சார். தண்டனை வாங்குனவுக மட்டும்தான் இதுல உக்காரலாம்."

"நானும் குடிச்சிருக்கேன்யா."

"அதுக்கென்ன இப்ப? கோர்ட்டு ஒத்துக்கலையே."

சங்கரபாண்டியன் எழுந்து வெளியே போய், ஜன்னல் வழியாகப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிணற்றடிப் பொங்கல் விருந்தில் முதல் இலை காசிராஜனுக்குப் போட்டார்கள். அவர் இலையில் உப்பு விழும்வரை பரிமாறுகிறவர்கள் காத்து நின்றார்கள். மாமனாரே பக்கத்தில் நின்று, "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வடை," என்றார். காசிராஜன் மறுக்கவில்லை. காரக்குழம்பு, பச்சடி, பாயசம் எல்லாவற்றையும் சாப்பிட்டார். இரண்டாம் இலையிலிருந்து சங்கரபாண்டியன் அவர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணாச்சி, நெசமாவே அன்னைக்கு நீங்க குடிச்சீகளா? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

காசிராஜன் சிரித்தார். அந்தச் சிரிப்பு இத்தனை மாதத்தில் நன்றாகப் பழகியிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போதே வயிறு எரிய ஆரம்பித்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டார்.

"சரசு, கொஞ்சம் கஞ்சி காய்ச்சிக் குடு. உயிரு போகுது."

சரஸ்வதி ஸ்டவ்வைத் தூக்கி அவர் காதருகே ஆட்டிக் காட்டினாள். உள்ளே சத்தம் ஒன்றும் வரவில்லை. பிறகு காலி மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எந் தங்கச்சி கடை காலையில ஆறு மணிக்குத் தொறக்கும். இப்பவே போயி நின்னீகன்னா அங்கயும் நீங்கதான் மொத ஆளு."